புல்லக்காவும் எறும்பு வீட்டு ஈயும்

எங்கள் விமானத்தளத்தில் புல் வெட்டுகிற அம்மாவை எல்லோரும் புல்லக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரைவிட மூத்த தீயணைப்புக்காரர்களுக்கும் அவர் புல்லக்கா, நேற்று சேர்ந்த பயிற்சி விமானிகளுக்கும் புல்லக்கா. தணிக்கைக்கு வந்த அதிகாரி ஒருவர், "புல் பராமரிப்புக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டபோது எங்கள் மேலாளரே வாய் தவறி "புல்லக்கா" என்றுவிட்டார். வந்தவரும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

பெரிய தளம் ஒன்றும் இல்லை. ஒரே ஓடுபாதை. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருபது பேர் உட்காரும் விமானம் வரும். நடுவில் பயிற்சிப் பள்ளியின் குட்டி விமானங்கள் தும்பி மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மற்றதெல்லாம் புல்தான். அதை வெட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ரொம்பக் குட்டையாக வெட்டினால் புழு பொறுக்கப் பறவைகள் இறங்கும். வளரவிட்டால் எலி குடியேறும், எலியைத் தேடிப் பருந்து வரும். எது வந்தாலும் விமானத்தின் எஞ்சினுக்கு ஆபத்து. அதனால் ஓடுபாதை ஓரப் புல் எப்போதும் ஒரு சாண் உயரம் இருக்க வேண்டும். யாருடைய சாண் என்று கேட்டால், புல்லக்காவின் சாண். டிராக்டரிலிருந்து இறங்கி, கையை விரித்து மண்ணில் ஊன்றிப் பார்ப்பார். பத்தொன்பது வருடமாக அந்தக் கைதான் எங்கள் அளவுகோல்.

நான் அப்போது கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்தேன். அவர் டிராக்டரோடு ஓடுபாதையைக் கடக்க என்னிடம் வாக்கி டாக்கியில் அனுமதி கேட்க வேண்டும். "டவர், புல் ஒண்ணு. குறுக்கே போகலாமா?" என்பார். "புல் ஒன்று, போகலாம்" என்பேன். மேலேயிருந்து பார்த்தது போக, மீதியை அவரும் அவர் நாத்தனாரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நாத்தனார் அவர்கள் வீட்டிலேயே இருப்பவர். புல்லக்காவின் கணவருக்குத் தங்கை. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. புல்லக்காவின் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் பட்டறை வேலை. ஒல்லியான மனிதர், காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்வார். புல்லக்கா அவரைப் புல்தடுக்கிப் பயில்வான் என்பார். "உன்னைக் கட்டினவன் புல் தடுக்கி விழாம இருந்தாத்தான் அதிசயம்" என்று அவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

குட்டி விமானங்கள் நிறுத்துமிடத்தின் ஓரமாக வெள்ளையடித்த கற்களை வரிசையாகப் பதித்திருந்தோம். ஓரடி தள்ளி ஒன்றாக இருநூறு கல்லுக்கு மேல் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் புரட்டி, அடியில் மண்டிய புல்லை அரிந்து, மறுபடி சுண்ணாம்பு அடிக்க வேண்டும். குளிர் விலகி வெயிலுக்குச் சுரணை வந்த ஒரு வாரத்தில் புல்லக்கா அந்த வேலையில் இறங்கினார். நாற்பத்தோராவது கல்லைப் புரட்டியபோது அடியில் எறும்புப் புற்று இருந்தது. அதில் ஆச்சரியமில்லை, பாதிக் கல்லுக்கடியில் எறும்புதான். ஆனால் புற்றின் மேலறையில், கல்லின் அடிப்பக்கத்தை ஒட்டி, ஏழெட்டுச் சட்டைப் பித்தான்கள் கிடந்தன.

பித்தான் என்றுதான் முதலில் நினைத்தாராம். பழுப்பு நிறம், மேலே குவிந்து கீழே தட்டை, பாதி உளுந்தை ஒட்டவைத்த மாதிரி, ஆனால் அதைவிடப் பெரிது. குனிந்து பார்த்தபோது எறும்புகள் தங்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் கவ்விக்கொண்டு தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன. பித்தான்களை ஓர் எறும்புகூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதே நேரம், கொஞ்சம் வெளுத்த பித்தான் ஒன்று நகர்ந்தது. கால் இல்லை, தலை இல்லை, வாய் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஆனாலும் நகர்ந்தது.

"டவர், புல் ஒண்ணு" என்றார் வாக்கி டாக்கியில்.

"சொல்லுங்க அக்கா."

"ஒண்ணுமில்ல. இங்க ஒரு நத்தை எறும்பு வீட்ல வாடகைக்கு இருக்கு. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு."

நகர்ந்ததை விட்டுவிட்டு, அசையாமல் கெட்டியாக இருந்த இரண்டை மட்டும் மண்ணோடு அள்ளிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டார். கல்லை இருந்தபடியே மெதுவாக மூடினார். அன்று அவர் சாப்பிட்டது காகிதத்தில்.

மாலையில் கணவர் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் செருகிக்கொண்டு டப்பாவுக்குள் குனிந்தார்.

"என்னங்க தெரியுது?"

"முதுகு பூராவும் வலை பின்னியிருக்கு. தேன்கூடு மாதிரி. முன்னாடி ரெண்டு சின்னக் கொம்பு. நீ எதுக்கும் பார்."

புல்லக்கா பார்த்தார். பிறகு அதை நாத்தனாரிடம் நீட்டினார். நாத்தனாருக்குக் கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே நாற்காலி மேல் ஏறும் பழக்கம். "அண்ணி, இது அடுப்படி. மிருகக்காட்சிசாலை இல்ல" என்றபடியே வாங்கிப் பார்த்தவர், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார்.

"நத்தைக்கு ஓடு சுருளா இருக்கும்ல? இதுல சுருளே இல்லையே" என்றார். "படம் எடுத்து யாருக்காவது அனுப்புவோமா?"

யாருக்கு அனுப்புவது என்று மூவருக்கும் தெரியவில்லை. கடைசியில் நாத்தனார்தான் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் முகவரியைத் தேடிப் பிடித்து, பூதக்கண்ணாடி வழியாகவே நான்கு படம் எடுத்து, கடிதமும் எழுதினார். மருத்துவமனைப் பழக்கம் விடாமல், 'இரண்டு நபர்கள், வெளித்தோற்றத்தில் நலம், வலி இல்லை' என்று முடித்திருந்தாராம். யாரும் பதில் போடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். தட்டில் கை வைப்பதற்குள் தொலைபேசி அடித்தது.

பேசியது அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் இருக்கும் பெண். முப்பது வயதுகூட இருக்காது. பிற்பாடு எங்கள் தளத்தில் அவரைப் பூச்சி டாக்டர் என்று சொல்லத் தொடங்கினோம், அதனால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

"அக்கா, அதை எறும்புப் புற்றிலிருந்துதான எடுத்தீங்க? நல்லாத் தெரியுமா?" என்று மூன்று முறை கேட்டார்.

"என் கையாலதான் எடுத்தேன்."

"அப்ப அது நத்தை இல்ல. ஈ."

புல்லக்கா டப்பாவை எட்டிப் பார்த்தார். "இதுக்கு இறக்கையே இல்லையே."

"இனிமேதான் வரும். உள்ள ஈயா மாறிட்டு இருக்கு. முதன்முதல்ல இதைப் பார்த்த விஞ்ஞானிங்களே நத்தை வகைன்னுதான் எழுதி வெச்சாங்க. நீங்க தப்பா சொல்லல." பிறகு குரல் தாழ்ந்தது. "வெயில்ல வைக்காதீங்க. மூடிக்குப் பதிலா துணி கட்டுங்க, மண்ணு காயக் கூடாது. எது வந்தாலும் விடியற்காலையில வரும். நான் சனிக்கிழமை வர்றேன்."

அன்று செவ்வாய். புதன் காலையில் ஒன்றும் இல்லை. வியாழன் காலையில் ஒன்றும் இல்லை, ஆனால் டப்பாவைச் சுற்றி மூன்று நாற்காலிகள் வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் உடுப்போடு புல்லக்கா துணியின் ஓரத்தை நீக்கியபோது, ஒரு பித்தானின் முன்பக்க ஓடு மூடி போல் பெயர்ந்து நின்றது.

"என்னங்க. வாங்க. சீக்கிரம்."

கணவர் முகத்தில் சோப்பு நுரையோடு வந்தார். பெயர்ந்த இடத்தில் முதலில் தெரிந்தது இரண்டு நீளமான உணர்கொம்புகள், முன்னால் நீட்டிய தீக்குச்சி போல. அப்புறம் தலை. அப்புறம், எங்கேயோ அவசரமாகப் போக வேண்டியவர் மாதிரி, மொத்த உடம்பும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. தேனீ அளவு இருந்தது. முதுகில் பொன் நிற ரோமம், மழையில் நனைந்தது போல் படிந்திருந்தது. இறக்கை என்று சொல்ல இரண்டு கசங்கிய துணுக்குகள் மட்டும். அது நிற்காமல் ஓடி, டப்பாவின் விளிம்பில் ஏறி, கட்டியிருந்த துணியில் தொங்கிக்கொண்டது.

"ஏன் இப்படி ஓடுது?" என்றார் நாத்தனார். பயம் எங்கே போனதென்று அவருக்கே தெரியாது, மூக்கு துணியைத் தொடும் தூரத்தில் இருந்தார்.

புல்லக்கா பதில் சொல்லாமல் பூச்சி டாக்டருக்குப் போன் போட்டார். மறுமுனையில் தூக்கக் குரல். "வந்துடுச்சு" என்றதும் தூக்கம் போய்விட்டது.

"உணர்கொம்பு நீளமா? குட்டையா?"

"நீளம். தீக்குச்சியை ரெண்டாப் பிளந்து வெச்ச மாதிரி."

"முதுகுல முடி என்ன கலர்?"

"பொன்னு."

"அக்கா, நான் இப்பவே கிளம்புறேன்" என்றார் பூச்சி டாக்டர். "சனிக்கிழமை வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது."

அடுத்த அரை மணி நேரத்தில் அந்த இறக்கைகள் விரிவதைக் குடும்பமே பார்த்தது. மடித்த புடவையைக் காற்றில் உதறின மாதிரி அல்ல, வெந்நீரில் போட்ட உலர்ந்த பூ மாதிரி, மெல்ல, ஒரு சுருக்கம் விட்டு இன்னொரு சுருக்கமாக. ரோமம் உலர்ந்து எழும்பியது. இறக்கைக்குப் பின்னால் பறையடிக்கிற குச்சி போல் இரண்டு நுண்ணிய குமிழ்கள் இருப்பதைக் கணவர் கண்டுபிடித்தார். புல்லக்காவின் பேருந்து போயிற்று. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவர் தாமதமாக வந்தார். வந்ததும் மேலாளரிடம், "சார், வீட்ல பிரசவம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு டிராக்டர் கொட்டகைக்கு நடந்தார். மேலாளர் அன்று முழுக்க யாருக்குப் பிரசவம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் பூச்சி டாக்டர் வந்துவிட்டார். முதுகில் பை, கையில் வெள்ளை வலை. பல் மருத்துவமனைக்கு விடுப்புச் சொல்லிவிட்ட நாத்தனார், மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு எங்கள் விமானத்தள வாசலில் காத்திருந்தார். பூச்சி டாக்டர் அதைத் திறந்து பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அலமாரியில இந்த இனத்துல ஒண்ணே ஒண்ணு இருக்கு" என்றார். "ஊசியில குத்தினது. ஐம்பத்து மூணு வருஷம் ஆச்சு. அதைப் பிடிச்ச புல்வெளியில இப்ப அடுக்குமாடி வீடுங்க. அதுக்கப்புறம் நாட்டுல யாருமே பார்க்கல. இனம் முடிஞ்சிடுச்சுன்னுதான் நினைச்சோம்."

தேநீர் அறையில் வைத்து அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று கேட்டோம். பூக்களுக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நிற்குமே, மஞ்சள் கோடு போட்டு குளவி வேஷம் கட்டிக்கொண்டு, மலர் ஈ, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். ஆனால் குலத்தொழிலை விட்டுவிட்டது. பூவின் பக்கமே போகாது. வளர்ந்த ஈ எதையும் சாப்பிடுவதில்லை, சாப்பிட நேரமும் இல்லை, உயிரோடு இருப்பதே சில நாட்கள். தாய் எறும்புப் புற்றின் வாயிலில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு உள்ளே இறங்கி, ஒரு வருடமோ இரண்டு வருடமோ எறும்புக் குஞ்சுகளைத் தின்று வளரும். எறும்பின் வாசனையே அதன் மேலும் இருப்பதால், திருடன் வீட்டுக்குள் இருப்பது எறும்புகளுக்குத் தெரியாது. ஈயாக வெளியே வந்த மறுகணம் அந்த வேஷம் கலைந்துவிடும். எறும்புகள் பாய்வதற்குள் ஓடியாக வேண்டும்.

"அதான் அந்த ஓட்டம்" என்றார் நாத்தனார்.

"கரையான் புத்தெடுக்க கருநாகம் குடிவந்த கதைதான்" என்றார் தீயணைப்புக்காரர் ஒருவர்.

"கருநாகமாவது வெளிய போய் இரை தேடும்" என்றார் புல்லக்கா. "இது உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணுது. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க, அதையும் செஞ்சிட்டு."

அப்புறம்தான் உண்மையான வேட்டை. ஒரு ஈ பிறந்தால் போதாது, இங்கே கூட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூச்சி டாக்டர் வலையோடு இரண்டு மணி நேரம் அலைந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. புல்லக்கா டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து, கல் வரிசையை ஒட்டிக் கன்னம் மண்ணில் படக் குப்புறப் படுத்தார்.

"நீங்க நின்னுக்கிட்டே பார்க்கறீங்க டாக்டர். இது வானத்துல இருக்கற சரக்கு இல்ல. இப்படிப் படுங்க. புல்லுத் தண்டுக்கு நடுவுல பாருங்க."

பூச்சி டாக்டரும் படுத்தார். கோபுரத்திலிருந்து எனக்கு இரண்டு ஜோடிக் காலணிகள் மட்டும் தெரிந்தன. சில நிமிடத்தில் வாக்கி டாக்கி உயிர் பெற்றது.

"டவர், புல் ஒண்ணு. மூணு இருக்கு. இல்ல நாலு. ஒண்ணு இன்னொண்ணு மேல உட்கார்ந்திருக்கு. அஞ்சு."

அப்போது பயிற்சி விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அதன் விமானி, "எத்தனை விமானம் இருக்கு என் பாதையில?" என்று கலவரத்தோடு கேட்டார். ஈ என்று நான் விளக்கிச் சொல்லி நம்பவைப்பதற்குள் அவர் இன்னொரு சுற்று சுற்றிவிட்டார். சாயங்காலத்துக்குள் எண்ணிக்கை முப்பத்தேழு.

பூச்சி டாக்டர் உடனே சொன்னது: "இனிமே இங்க புல்லே வெட்டக் கூடாது."

புல்லக்கா அவரைக் கையைப் பிடித்து வேலி ஓரத்துக்கு அழைத்துப்போனார். அங்கே டிராக்டர் நுழையாது. புல் இடுப்பளவு. "இங்க கல்லைப் புரட்டுங்க" என்றார். பூச்சி டாக்டர் புரட்டினார். ஈரமும் மண்புழுவும். அடுத்த கல். மறுபடி ஈரம். ஆறு கல்லிலும் அந்த எறும்பு இல்லை.

"வெயில் கல்லுல படணும். அப்பத்தான் அந்த எறும்பு இருக்கும்" என்றார் புல்லக்கா. "நான் வெட்டலைன்னா எறும்பு போயிடும். எறும்பு போனா உங்க ஈ யார் வீட்ல சாப்பிடும்?"

பூச்சி டாக்டர் அந்த ஈரக் கல்லை இருந்தபடியே மூடினார். "அப்ப பத்தொன்பது வருஷமா நீங்கதான் இதைக் காப்பாத்திட்டு இருந்திருக்கீங்க" என்றார். புல்லக்கா காலணியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாராம். அன்று மாலை வீட்டில் அதை நான்கு முறை சொன்னார் என்பது நாத்தனாரின் கணக்கு, ஐந்து என்பது கணவரின் கணக்கு.

ஆனால் விஷயம் அவ்வளவு சுலபத்தில் முடிகிற மாதிரி இல்லை. மேலாளர் திங்கட்கிழமை காலை புல்லக்காவையும் பூச்சி டாக்டரையும் அழைத்து மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். விமானங்கள் நிறுத்துமிடத்துக்குப் புது விளக்குகள் வருகின்றன. அதற்கான மின்கம்பி புதைக்க அடுத்த வாரம் பள்ளம் தோண்டப்போகிறார்கள். பள்ளம் போகும் வழி சரியாக அந்தக் கல் வரிசை.

எங்கள் மேலாளர் கெட்டவர் இல்லை. "நானும் யோசிச்சேன்" என்றார். "அந்தக் கல்லு, அடியில இருக்கற மண்ணு, எறும்பு, ஈ, எல்லாத்தையும் அப்படியே பெயர்த்து நூறு மீட்டர் தள்ளி வெச்சிடுவோம். ஆள் நான் தர்றேன்."

பூச்சி டாக்டர் தலையை ஆட்டினார். இந்த ஈயின் நெருங்கிய சொந்தக்கார இனத்தில் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றார். ஒரு புற்றுக்குப் பழகிய தாயின் முட்டையைச் சில மீட்டர் தள்ளி இருக்கும் வேறு புற்றில் வைத்தாலே, அந்த எறும்புகள் அந்நியன் என்று கண்டுபிடித்துக் கொன்றுவிடும். வாசனைக் கலவை அந்தந்த வீட்டுக்குத் தகுந்த மாதிரித்தான் இருக்கும். புற்றையே பெயர்த்தாலோ, எறும்புகள் கலைந்து ஓடும்.

"எலி வளையானாலும் தனி வளைங்கறதை இதுங்க ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டிருக்கு" என்றார் மேலாளர், சிரிப்பு வராமல். "அம்மா, விளக்கு இல்லாம நான் இருக்க முடியாது. போன மாசம் மூடுபனியில ஒரு விமானம் இறக்கையை உரசிடுச்சு. ஒரு ஈக்காக மனுஷனை இருட்டுல நடக்கச் சொல்ல முடியுமா?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. புல்லக்கா மட்டும் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி, விரலால் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"சார், இந்தப் பக்கம், கொட்டகைக்குப் பின்னாடி, ஒரு இரும்பு மூடி இருக்கு. இதுல போடல."

"என்ன மூடி?"

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி என் பிளேடு அதுல பட்டு ஒடைஞ்சிது. அப்ப திறந்து பார்த்தேன். உள்ள ஒரு குழாய் போகுது, காலிக் குழாய். நிறுத்துமிடத்துக்கு அந்தக் கடைசியில அதே மாதிரி இன்னொரு மூடி இருக்கு, அதைச் சுத்தி நான் வளைச்சுத்தான் வெட்டுவேன்."

மேலாளர் எழுந்துவிட்டார். மின்பணியாளரைக் கூப்பிட்டார்கள். அவர் எங்கள் தளத்திலேயே அதிகம் பேசாத மனிதர். மூடியை நெம்பித் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, "யாரோ கம்பி போட நினைச்சு, போடாம விட்டிருக்காங்க" என்றார். ஆனால் குழாய் நடுவில் நசுங்கியிருக்கலாம், மண் அடைத்திருக்கலாம். சுருட்டி வைத்த எஃகு நாடாவின் நுனியில் சிவப்புத் துணி கட்டி உள்ளே தள்ள ஆரம்பித்தார். நூற்று எண்பது மீட்டர். புல்லக்கா, பூச்சி டாக்டர், மேலாளர் மூவரும் மறுகடைசி மூடியண்டை ஓடினார்கள். நான் கோபுரத்தின் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றேன்.

பாதியில் நாடா நின்றுவிட்டது. மின்பணியாளர் பின்னுக்கு இழுத்தார், முன்னுக்குத் தள்ளினார். நகரவில்லை. மேலாளர் நெற்றியைத் துடைத்தார். பூச்சி டாக்டர் குழிக்குள் காதை வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார். மூன்றாம் முறை இழுத்துத் தள்ளியபோது ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது. "போகுது" என்றார் மின்பணியாளர். சரசரவென்று நாடா உள்ளே ஓடியது. மறுகடைசியில், முதலில் ஒரு பழைய எலிக்கூடு வைக்கோலும் பஞ்சுமாக வந்து விழுந்தது. அதற்குப் பின்னால் சிவப்புத் துணி.

பூச்சி டாக்டர் மேலாளரைக் கட்டிப்பிடித்துவிட்டார். மேலாளருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. புல்லக்கா அந்தத் துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

விளக்குகள் வந்தன. பள்ளம் தோண்டவில்லை. புல் வெட்டும் அட்டவணையில் ஒரே ஒரு மாற்றம்: ஈக்கள் வெளியே வரும் மூன்று வாரம் கல் வரிசையண்டை டிராக்டர் போகாது. மற்ற நாளெல்லாம் வழக்கம் போல. அந்த மூன்று வாரத்தில் புல்லக்கா தினமும் வேலை தொடங்கும் முன் ஒரு மணி நேரம் புல்லில் குப்புறப் படுத்துக் கிடந்தார். நாலாவது நாள், தாய் ஈ ஒன்று நாற்பத்தோராவது கல்லின் விளிம்பில் இறங்கி, வாலை விரிசலுக்குள் நுழைத்து முட்டையிடுவதைப் பார்த்தார். இரண்டு எறும்புகள் அதன் காலைக் கவ்வின. ஈ உதறியது. மறுபடி வாலை நுழைத்தது. பதினோரு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார். இந்த இனம் முட்டையிடுவதை இதற்கு முன் யாரும் பார்த்து எழுதியதே இல்லை என்று பூச்சி டாக்டர் சொன்னபோது, "நான் என்னத்தைக் கண்டேன், சும்மா படுத்திருந்தேன்" என்றார் புல்லக்கா. ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் நடையே வேறு.

கணவர் பட்டறையில் அவருக்கென்று ஒரு பூதக்கண்ணாடி தேய்த்துக் கொடுத்தார். கடையில் வேலை குறைவாக இருந்த நாட்களில் செய்தாராம். "மத்தவன் கடையில சும்மா ஈ ஓட்டுவான். நான் ஈக்காகவே ஓட்டினேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் அதே பருவத்தில் பூச்சி டாக்டரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. ஆறு மணி நேரப் பயணத்தில் இன்னொரு பழைய விமானத்தளம் இருக்கிறது, அதை மூடி இருபது வருடம் ஆகிறது, ஆடு மேய்வதால் புல் குட்டையாகவே இருக்கிறது. அவர் இரண்டு முறை போய்த் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. புல்லக்கா ஒருமுறை வர முடியுமா?

புல்லக்கா நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக்காரங்களைப் பார்க்க' என்று எழுதியிருந்தார். மேலாளர் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். கணவரும் நாத்தனாரும் கூடவே கிளம்பினார்கள். பேருந்தில் நாத்தனார் மடியில் நான்கு காலி டப்பாக்கள்.

அந்த இடம் விரிசல் விட்ட ஓடுபாதையும் காற்றும் மட்டும்தான். பூச்சி டாக்டர் கற்களைப் புரட்டியிருந்தார், அத்தனையும் முறையாக, வரிசையாக. புல்லக்கா கல் பக்கமே போகவில்லை. நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். குனிந்து கையை விரித்துப் புல்லை அளந்தார். அவருடைய சாணில் பாதி. பிறகு ஓடுபாதையின் முனைக்கு நடந்தார். அங்கே பழைய பலகை ஒன்று, விழுந்த பெயர்ப் பலகையாக இருக்க வேண்டும், வெயிலில் வெளுத்துத் தரையோடு கிடந்தது.

"கல்லு இங்க சூடே ஆகல டாக்டர், காத்து அள்ளிட்டுப் போகுது. மரம்னா சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும்" என்றபடி பலகையின் விளிம்பைத் தூக்கினார். மறுவிளிம்பைக் கணவர் பிடித்தார். கொஞ்சமாக, ஒரு கை உயரம் தூக்கினார்கள். எறும்புகள் சிதறி ஓடின.

புல்லக்கா மண்டியிட்டு எட்டிப் பார்த்தார்.

"அண்ணி, என்ன?" என்றார் நாத்தனார். "இருக்கா?"

புல்லக்கா திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, நாத்தனாரின் விரலைப் பிடித்துக் கீழே இழுத்தார். "நீயே எண்ணு" என்றார். "என் கண்ணு கலங்குது, சரியாத் தெரியல."

நாத்தனார் பலகைக்கடியில் தலையை நுழைத்தார். ஒன்று, இரண்டு என்று தொடங்கி, பதினாலில் மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடி எண்ணத் தொடங்கினார்.